பன்னிரண்டு நிமிடம்

நகரி மலையின் மூக்கு நுனியில்
மே மாதத்து வெயில் வழுக்கிக்கொண்டிருந்தது.
மாங்கூழ் ஆலைக்குப் பின்னே தோப்பு மேட்டில்
கோடை இசை விழா.
வாசலில் மல்லேஸ்வரி எங்கள் பைகளைக் கவிழ்த்தாள்:
உடுக்கைக் கயிறு, குங்குமச் சிமிழ்,
தேசப்பனின் பீடிக்கட்டு,
ஒரு பொட்டலம் சூடம், தீப்பெட்டி.
"நிப்பு கூடது" என்றாள். பிறகு தமிழில்,
"நெருப்பு ஆவாது. போறப்ப வாங்கிக்குங்க."
சூடமும் தீப்பெட்டியும்
காக்கிச் சட்டைப் பைக்குள் போயின.
பீடியைப் பார்க்காத மாதிரி விட்டுவிட்டாள்.

எங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
மேடைத் தரையில் சிவப்புக் கடிகாரம்,
எண்கள் பின்னோக்கி ஓடும்.
முன்னால் வாசித்த வயநாட்டுத் துடிக்காரர்கள்
பதினொன்றிலேயே முடித்து
வியர்வையோடு இறங்கி, "நல்ல சூடாணு" என்றார்கள்.
எந்தச் சூடு என்று கேட்க நேரமில்லை.

பம்பைக்கு இரண்டு உடம்பு.
பித்தளை வெயில் குடித்து ஏறிக் கிடந்தது,
பலாமரம் இன்னும் தூக்கக் கலக்கத்தில்.
இரண்டையும் ஒரே பேச்சுக்குக் கொண்டுவர
நாலு நிமிடம்.
கடிகாரம் அதையும் கணக்கில் எழுதிக்கொண்டது.

நாகபூஷணம் கங்கம்மாவை அழைத்தான்,
அரைத் தமிழ், அரைத் தெலுங்கு.
எல்லைக்காரி, இரண்டும் புரியும்.
ஊரில் என்றால் எதிரே நிற்பவர்கள்மேல்
ஒரு கண் வைத்திருப்போம்.
இங்கே எதிரே
கறுப்புக் கண்ணாடியும் மாம்பழ ஐஸும்
தூக்கிப்பிடித்த செல்போன்களும்.
யாருக்கு வரப்போகிறது என்று
தேசப்பன் கைச்சிலம்பைத் தாராளமாக விட்டான்.

வந்தது.
கயிற்றுக்கு இந்தப் பக்கம்,
கூட்டத்துக்கு முகமும் எங்களுக்கு முதுகுமாய்
காவல் நின்றவளுக்கு.
முதலில் தொப்பி விழுந்தது.
கழுத்து விசில் தானாக ஆடியது.
உதறிய பூட்ஸ் ஒன்று ஸ்பீக்கரில் மோத
கூட்டம் அதைத் தாளம் என்று கைதட்டியது.

ஒரு நிமிடம் பத்து நொடி மிச்சம்.
ஹெட்செட் மாட்டிய ரித்விக்
கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினான்.
கூப்பிட்டு வந்தவளைப் பாதியில் விட்டு இறங்க
எங்களுக்குக் கால் வராது.
சைபர், சைபர், சைபர்.
அதற்குக் கீழே அந்தக் கடிகாரத்துக்கு எண் தெரியவில்லை.
நான் அடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வேணும் தாயே? ஏமி காவால?"
மைக்கோடு மண்டியிட்டான் நாகபூஷணம்.
சேலை கேட்பாள், கூழ் கேட்பாள், வேப்பஞ்சேலை கேட்பாள்.
எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் உண்டு.
"காலு" என்றாள்.
"விடியக்காலம் நாலு மணியிலருந்து நிக்கிறேன்டா.
உக்கார ஒண்ணு போடுங்கடா."

தோப்பு முழுக்கக் கேட்டது.

சோடாக் கடையிலிருந்து எலுமிச்சை வந்தது,
ஒன்றுக்கு மூன்றாக.
குங்குமம் இருந்தது. சூடம்?
தேசப்பன் என்னைப் பார்த்தான்,
நான் அவள் சட்டைப் பையைப் பார்த்தேன்.
சாமி வந்தவள் பையில் யார் கை விடுவது?
அவளே எடுத்தாள்.
பொத்தானைக் கழற்றி, நிதானமாக,
பொட்டலம், அப்புறம் தீப்பெட்டி.

உள்ளங்கையில் சூடம் எரிந்து முடியும்வரை
மரத்தை நிறுத்திப் பித்தளையை மட்டும் தட்டினேன்,
மலையேறுகிறவளுக்குப் பின்னால்
அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பவன்போல.

மொத்தம் முப்பத்தோரு நிமிடம்.
அடுத்திருந்த கிதார்க்காரர் பாட்டில் இரண்டைக் குறைத்தார்.
கூலியில் யாரும் கைவைக்கவில்லை.
சான்றிதழில் ஏகாம்பரத்தை
எக்காம்பரம் ஆக்கியிருந்தார்கள், அது வேறு.

மாமரத்தடியில் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள்
"நேனு ஏமன்னா செப்பினானா?" என்றாள்.
"ஒண்ணுமில்ல. கூழ் கேட்ட" என்றான் நாகபூஷணம்.

இரவு வேன் வெளியேறும்போது
வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
அதன்மேல் அவள் டிபன் டப்பா, தொப்பி.
பக்கத்தில் நின்றபடி
வண்டி எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள்.
"இருங்க, உங்க தீப்பெட்டி" என்று
சட்டைப் பையைத் தடவினாள்,
பிறகு
மற்றப் பையை.